அடி தெரியாத கிணறு

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஏறி திருச்சுழி ரோட்டில் திரும்பியதும் ஊர் முடிந்துவிடும். அப்புறம் கரிசல்தான். வேலிக்கருவை, வெடித்த தரை, தூரத்தில் ஒற்றைப் பனை. ரமண மகரிஷி 1879ல் பிறந்த ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் திருச்சுழி சட்டென்று பிடிபடும். ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஊழி வெள்ளம் வந்தபோது சிவபெருமான் சூலத்தை ஊன்றித் தரையில் ஒரு துளை போட்டார். அத்தனை வெள்ளமும் சுழித்துக்கொண்டு அந்தத் துளைக்குள் இறங்கிவிட்டது. அதனால்தான் சுழியல், திருச்சுழி.

"அன்னைக்கு உள்ள போன தண்ணிதான். இன்னும் வெளிய வரலை" என்பார் என் தாத்தா.

தாத்தா அந்தத் தண்ணீரைத் தேடிக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். நீரோட்டம் பார்க்கிறவர் வேப்பங்குச்சியோடு வந்து ஓர் இடத்தில் நின்று, "இங்கன வெட்டுங்க, ஊத்து இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனது மட்டுமே ஆதாரம். மூன்று கோடை வெட்டியாயிற்று. கரிசல் போய், சுக்கான் போய், பாறை வந்துவிட்டது. எனக்கு ஒன்பது வயது. ஒருநாள் கிணற்றுமேட்டில் நின்று ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டேன். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு..." டொக் என்று சத்தம் வந்தது.

"அறுவது அடி தாண்டிருச்சு" என்றார்.

"எறங்கிப் பாக்காம எப்படித் தாத்தா தெரியும்?"

"எறங்கிப் பாக்கிறதுக்கு ஆளு வேணும், கயிறு வேணும். எண்ணிப் பாக்கிறதுக்கு என்னலே வேணும்?"

பின்னாளில் காலேஜில் சமன்பாட்டைப் படித்தபோது போட்டுப் பார்த்தேன். இரண்டு விநாடியில் ஒரு கல் விழும் தூரம் 64 அடி. தாத்தா பள்ளிக்கூடத்தையே மிதிக்காதவர்.

அன்று நான் கேட்ட இன்னொரு கேள்விக்குத்தான் அவரிடம் பதில் இல்லை. "கல்லு ஏன் தாத்தா கீழ போகுது?" "பூமி இழுக்குது." "ஏன் இழுக்குது?" கொஞ்ச நேரம் யோசித்தார். "உங்க வாத்தியார்ட்ட போயிக் கேளு."

வாத்தியார் நியூட்டன் என்றார். ஆனால் நியூட்டனுக்கே தெரியாது என்பதுதான் உண்மை. எவ்வளவு இழுக்கும் என்று 1687ல் துல்லியமாகக் கணக்குச் சொன்னவர், ஏன் இழுக்கிறது என்று கேட்டபோது கையை விரித்துவிட்டார். தன் புத்தகத்தின் 1713ம் வருடப் பதிப்பில், காரணத்தை ஊகமாகக் கற்பிக்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே எழுதினார். இருநூறு வருடம் கழித்து, 1915ல் ஐன்ஸ்டீன் ஒரு பதில் சொன்னார். இழுப்பது என்று ஒன்றும் இல்லை, பொருளின் கனத்தால் வெளியும் காலமும் வளைகின்றன, அந்த வளைவில் மற்றவை சரிகின்றன என்றார். நார்க்கட்டிலின் நடுவில் கனமான ஆள் உட்கார்ந்தால், ஓரத்தில் வைத்த எலுமிச்சம்பழம் அவர் பக்கம் உருண்டு வருகிறது இல்லையா, ஏறக்குறைய அதுபோல.

அழகான பதில். கிரகங்களுக்கும் நட்சத்திரங்களுக்கும் இன்றுவரை சரியாக வருகிறது. சிக்கல் அணுவுக்குள் போனால்தான். அங்கே குவாண்டம் ராஜ்ஜியம். அங்கே எதுவும் வழவழப்பாக இருக்காது, பொடிப்பொடியாகத்தான் வரும். ஒளி போட்டான் என்ற துகளாக வருகிறது. அப்படியானால் ஈர்ப்பும் ஒரு துகளாக வரவேண்டும். அதற்கு கிராவிட்டான் என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். அந்தத் துகளை வைத்துக் கணக்குப் போட்டால் விடை முடிவிலி. வேறு விதமாகப் போட்டாலும் முடிவிலி. துகள் என்றால் புள்ளி. இரண்டு புள்ளிகள் எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம், நெருங்க நெருங்க விசைக்கு உச்சவரம்பு கிடையாது. கணக்கு அங்கேதான் வெடிக்கிறது.

இதற்கு ஒரு வழியாக வந்ததுதான் ஸ்ட்ரிங் தியரி என்கிற இழைக் கோட்பாடு. பெயர் பயமுறுத்தினாலும் அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இது அந்நியமில்லை. தெருவில் பாவு போட்டிருக்கும்போது இழுத்துக் கட்டிய நூலை விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரு விதமாக அதிரும். இன்னும் இறுக்கிச் சுண்டினால் வேறு விதமாக அதிரும். நூல் அதேதான். உலகத்தில் இருக்கிற எலக்ட்ரான், குவார்க், போட்டான் எல்லாமே மிக மிக நுண்ணிய ஒரே வகை இழையின் வெவ்வேறு அதிர்வுகள்தான் என்கிறது இந்தக் கோட்பாடு. இழைக்கு நீளம் உண்டு. இரண்டு இழைகள் சேரும் இடம் ஒரு புள்ளியாக இருக்க முடியாது, கொஞ்சம் பரவித்தான் இருக்கும். அதனால் அந்த முடிவிலி வெடிப்பு இல்லாமல் போகிறது.

சுவாரஸ்யம் என்னவென்றால், யாரும் ஈர்ப்பைத் தேடி இதைக் கண்டுபிடிக்கவில்லை.

1968ல் கேப்ரியேல் வெனிட்சியானோ என்ற இத்தாலிய இளைஞர் அணுக்கருவை ஒட்டவைக்கும் விசையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த மோதல்களுக்கு ஒரு பழைய சூத்திரம் கச்சிதமாகப் பொருந்துவதைப் பார்த்தார். ஆய்லர் என்ற கணித மேதை இருநூறு வருடத்துக்கு முன் எழுதி வைத்தது. ஏன் பொருந்துகிறது என்று தெரியவில்லை. 1970 வாக்கில் நாம்பு, நீல்சன், சஸ்கிண்ட் என்று மூன்று பேர் தனித்தனியாகக் காரணத்தைச் சொன்னார்கள். அது அதிரும் இழையின் சூத்திரமாம்.

ஆனால் இழைக் கணக்கைப் போட்டபோதெல்லாம் அழையாத விருந்தாளி ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். எடையே இல்லாத, இயற்பியலாளர்கள் ஸ்பின் என்று சொல்லும் சுழற்சி எண் 2 உள்ள ஒரு துகள். அணுக்கருவில் அப்படி எதுவும் கிடையாது. விரட்டிப் பார்த்தார்கள், போகவில்லை. 1974ல் ஜோயல் ஷெர்க், ஜான் ஷ்வார்ஸ் இருவரும், ஜப்பானில் யோனெயா தனியாகவும், அவரை அடையாளம் கண்டார்கள். எடை பூஜ்ஜியம், சுழற்சி எண் 2. இது கிராவிட்டான் அல்லவா! பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இங்கே குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் வந்து நின்றார்.

யாரும் கொண்டாடவில்லை. பத்து வருடம் ஏறக்குறைய கேட்பாரில்லை. ஷெர்க் 1980ல், 33 வயதில் இறந்துபோனார். ஷ்வார்ஸும் மைக்கேல் கிரீனும் 1984ல் கோட்பாட்டுக்குள் இருந்த பெரிய முரண்பாடு ஒன்று தானாகவே கழிந்துபோவதைக் காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அந்த விருந்தாளிக்கு எடை ஏன் இல்லை? இது சின்னக் கேள்வி அல்ல. கிராவிட்டானுக்கு எடை இருந்தால் ஈர்ப்பு நீண்ட தூரம் போகாது. சூரியன் பூமியைப் பிடித்து வைத்திருக்க முடியாது. ஆக, அந்தப் பூஜ்ஜியம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முழுக் கதையும். அதைத் தேடிப் போனால் நம் ஊர்க் கணக்குப்பிள்ளை ஒருவர் எதிரே வருகிறார்.

1913 பிப்ரவரி. சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குச் சேர்ந்திருந்த குமாஸ்தா, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குத் தன் இரண்டாவது கடிதத்தை எழுதுகிறார். அதில் ஒரு வரி: 1, 2, 3, 4 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் என் முறைப்படி விடை கழித்தல் பன்னிரண்டில் ஒன்று. இதைச் சொன்னால் என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வீர்கள் என்று அவரே சிரித்துக்கொள்கிறார். அந்தக் குமாஸ்தா சீனிவாச ராமானுஜன்.

பைத்தியக்காரத்தனம் இல்லை அது. அந்தக் கூட்டல் முடிவிலிக்குத்தான் போகும், சந்தேகமில்லை. ஆனால் முடிவிலியை முறைப்படி பிரித்து எடுத்து ஓரமாக வைத்தால், மிச்சமாக ஒரு சில்லறை நிற்கிறது. அந்தச் சில்லறைதான் கழித்தல் பன்னிரண்டில் ஒன்று. ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இந்த விடைக்கு வந்திருந்தார். கும்பகோணத்தில் யாருடைய துணையும் இல்லாமல் ராமானுஜனும் வந்து சேர்ந்தார்.

இப்போது இழைக்குத் திரும்புவோம். ஓர் இழை ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு வேகத்தில் எல்லாம் அதிரலாம். குவாண்டம் விதிப்படி எந்த அதிர்வும் முழுசாக அடங்காது. ஓய்ந்து கிடக்கும்போதும் அரைப் பங்கு துடிப்பு மிச்சம் இருக்கும். அந்த மிச்சங்களை எல்லாம் கூட்டினால் 1, 2, 3, 4... அதே கூட்டல்! முதலில் வந்த இழைக் கோட்பாட்டில் உலகத்துக்கு 26 பரிமாணங்கள். அவற்றில் இழை அதிரக்கூடிய திசைகள் 24. ஒவ்வொரு திசைக்கும் பன்னிரண்டில் ஒன்றின் பாதி, அதாவது 24ல் ஒன்று. 24 திசைக்கும் சேர்த்தால் சரியாக ஒன்று, கழித்தல் கணக்கில். இழையை ஒரு தட்டுத் தட்டினால் கூடும் ஆற்றலும் சரியாக ஒன்று. வரவு ஒன்று, செலவு ஒன்று. மிச்சம் பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியம்தான் எடை.

வளையமாக மூடிய இழையில் வலமாக ஓடும் அலைக்கும் இடமாக ஓடும் அலைக்கும் இதே கணக்கு. இரண்டும் சேரும்போது கிராவிட்டான். பிரிங்க், நீல்சன் என்ற இருவர் 1973ல் இதை இப்படி எளிமையாக விளக்கினார்கள். அவர்கள் ராமானுஜன் நோட்டைப் பார்த்து எழுதவில்லை, அப்படிச் சொன்னால் அது வீண் பெருமை. பிற்பாடு திருந்திய கோட்பாட்டில் பரிமாணங்கள் பத்தாகக் குறைந்துவிட்டன, கணக்கும் கொஞ்சம் மாறியது. ஆனாலும் எண்ணிப் பார்த்து மட்டுமே ஈர்ப்புக்கு ஒரு காரணம் சொல்ல முடியும் என்று முதலில் தோன்றியது இந்த இடத்தில்தான்.

சரி, கணக்குச் சரியாக வந்தால் போதுமா? சரிபார்க்க வேண்டாமா? ஈர்ப்பின் ரகசியம் முழுக்கத் திரண்டு கிடக்கிற இடம் கருந்துளை. அங்கே போய்ப் பார்க்கலாம் என்றால் திரும்ப முடியாது. திருச்சுழித் துளை மாதிரி, உள்ளே போனது போனதுதான்.

கருந்துளைக்கு வழிகாட்டியவரும் ஒரு தமிழர். 1930ல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, சென்னை மாநிலக் கல்லூரி மாணவரான சந்திரசேகர் ஒரு கணக்குப் போட்டார். எரிந்து முடிந்த ஒரு நட்சத்திரம், சூரியனைப்போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் கனமாக இருந்தால், அதனால் அமைதியாகச் சுருங்கி ஓய முடியாது. மேலும் மேலும் சரிய வேண்டியதுதான். 1935ல் லண்டன் கூட்டத்தில் பெரியவர் எடிங்டன் அதைக் கேலி செய்தார். நோபல் பரிசு வந்தது 1983ல்.

அந்தச் சரிவு எங்கே போய் முடியும்? வெளிச்சம்கூட வெளியே வரமுடியாத கிணற்றில். 1970களில் பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் இந்தக் கிணற்றைப் பற்றி ஒரு விசித்திரத்தைச் சொன்னார்கள். கருந்துளைக்கு வெப்பம் உண்டு, என்ட்ரோபி உண்டு. அதன் அளவு கருந்துளைப் பரப்பில் சரியாகக் கால் பங்கு. என்ட்ரோபி என்றால் வேறொன்றுமில்லை, உள்ளே இருப்பதை எத்தனை விதமாக அடுக்கலாம் என்கிற எண்ணிக்கையின் அளவு. ஒரு செம்புத் தண்ணீருக்கு அது உண்டு, ஏனென்றால் அதில் கோடானுகோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. ஆனால் ஐன்ஸ்டீன் கணக்கில் கருந்துளை வெறும் வழவழப்பான வளைவு. உள்ளே அடுக்க எதுவுமே இல்லை. அப்படியானால் எதை எண்ணுவது?

இழைகளை எண்ணலாமே என்றார்கள் இழைக்காரர்கள். அங்கே மறுபடி ராமானுஜன் வருகிறார்.

நாலு ரூபாயை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? நாலு. மூணும் ஒண்ணும். ரெண்டும் ரெண்டும். ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு. நாலு ஒண்ணு. மொத்தம் ஐந்து வழி. பத்து ரூபாய் என்றால் 42 வழி. நூறு ரூபாய் என்றால் 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 வழி. குழந்தை விளையாட்டு மாதிரி தொடங்கி ராட்சசனாகிவிடும். இதற்கு ஒரு சூத்திரம் இருக்கும் என்று எவரும் நம்பவில்லை. 1918ல் ஹார்டியும் ராமானுஜனும் கொடுத்தார்கள். 200க்கு அந்தச் சூத்திரம் தந்த விடை 3 லட்சத்து 97 ஆயிரத்து 299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388, கூடவே ஆயிரத்தில் நாலு பங்கு பிசிறு. மேக்மகான் என்பவர் கையால் போட்டு வைத்திருந்த விடையோடு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனது.

இழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஓர் இழையில் 100 பங்கு ஆற்றல் இருக்கிறது என்றால், அதை ஒரு பங்கு அதிர்வு, இரண்டு பங்கு அதிர்வு, மூன்று பங்கு அதிர்வு என்று எத்தனை விதமாகப் பிரித்துக் கொடுக்கலாம்? நூறு ரூபாய்க் கணக்கேதான். 24 திசைகளுக்கும் சேர்த்து எண்ணினால், ராமானுஜன் 1916ல் ஆராய்ந்த ‘டௌ’ எண்களின் தொடரைத் தலைகீழாக்கிய மாதிரி விடை வருகிறது.

1995ல் நம் அசோக் சென், காகிதத்தில் மட்டும் இருக்கிற ஒரு வகைக் கருந்துளையை இழைகளாக எண்ணிக் காட்டினார். எண்ணிக்கை வளரும் விதம் பொருந்தியது. அடுத்த வருடம் ஸ்ட்ரோமிஞ்சரும் வாஃபாவும் வேறு ஒரு கருந்துளையை எடுத்துக்கொண்டார்கள். அதுவும் காகிதக் கருந்துளைதான். ஹார்டி, ராமானுஜன் வழியில் வந்த சூத்திரத்தால் எண்ணினார்கள். ஹாக்கிங் சொன்ன விடை வந்தது. அந்தக் கால் பங்கு உட்பட. கிணற்றுக்குள் இறங்காமல், மேட்டில் நின்றபடி எண்ணி ஆழம் சொல்லிவிட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. ராமானுஜன் 1919ல் நோயோடு ஊர் திரும்பினார். 1920 ஜனவரியில் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம். அதில் ‘மாக் தீட்டா’ சார்புகள் என்று தான் பெயரிட்ட ஒரு புது இனத்துக்கு 17 உதாரணங்கள். மாக் என்றால் போலி. பழைய தீட்டா சார்புகளைப் போலவே நடிக்கும், ஆனால் அவை அல்ல. அவற்றைக் கட்டிப்போடும் விதி என்ன என்று முழுதாகச் சொல்லவில்லை. கடைசி நாட்கள் வரை படுக்கையிலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று மனைவி ஜானகி பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஏப்ரல் 26ம் தேதி சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

ஜானகி அம்மாள் அப்புறம் எழுபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்தார். கருந்துளைகளை எண்ணப்போகும் சூத்திரங்களை எழுதியவரின் வீட்டில் ஊசியும் நூலும்தான் சோறு போட்டன. 1936ல் ஹார்டி கேட்டதற்காக ஒருவர் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, ராமானுஜனின் பாஸ்போர்ட் படத்தை வாங்கிப் போனார். இன்று நாம் பாடப் புத்தகத்தில் பார்க்கும் அந்தக் கூர்ந்த கண்கள் அப்படித்தான் உலகத்துக்குக் கிடைத்தன. தேடிப் போனவர் யார் தெரியுமா? சந்திரசேகர்.

கடைசி வருடத்தில் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஒரு பெட்டியில் கிடந்தன. 1976ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் அவற்றைக் கண்டெடுத்தார். 1987ல் ராமானுஜன் நூற்றாண்டுக் கூட்டம் ஒன்றில் இயற்பியலாளர் ஃபிரீமன் டைசன் ஒரு கனவைச் சொன்னார். இழைக் கோட்பாட்டோடு மல்லுக்கட்டும் இளைஞர்கள் ஒருநாள் இந்த மாக் தீட்டாவைக் கையில் எடுப்பார்கள், அந்த நாளைப் பார்க்க வேண்டும் என்றார். 2002ல் ஸ்வெகர்ஸ் என்ற டச்சு மாணவர் மாக் தீட்டாவின் உள்விதியைக் கண்டுபிடித்தார். 2012ல் அதீஷ் தபோல்கர், சமீர் மூர்த்தி, டான் ஸகியெர் மூவரும் கருந்துளையை எண்ணும்போது ஒரு சிக்கலில் மாட்டினார்கள். ஒற்றைக் கருந்துளையை மட்டும் எண்ண வேண்டும். ஆனால் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டிருப்பவையும் கணக்கில் கலந்துவிடுகின்றன. கம்பைப் புடைக்கிற மாதிரி ஜோடிகளைப் புடைத்துத் தள்ளினார்கள். முறத்தில் மிஞ்சிய எண்கள் மாக் தீட்டா இனத்தைச் சேர்ந்தவை. டைசன் அப்போது உயிரோடு இருந்தார்.

இதையெல்லாம் படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் தாத்தா கேட்கிற கேள்வியைக் கேட்டாக வேண்டும். தண்ணி வந்துச்சா?

வரவில்லை. எண்ணிய கருந்துளைகள் எல்லாம் கணக்குக்கு வசதியாக வடிவமைத்தவை. 2019ல் படம் எடுத்துக் காட்டினார்களே, அந்த மாதிரி வானத்தில் நிஜமாக இருக்கும் கருந்துளையை இன்னும் இந்த மாதிரித் துல்லியமாக எண்ண முடியவில்லை. இழையின் அளவு பற்றிச் சொல்கிறார்கள்: ஓர் அணுவைக் கண்ணுக்கு எட்டிய பிரபஞ்சம் அளவுக்கு ஊதினால், இழை ஒரு பெரிய கோபுரத்தின் உயரம்தான் இருக்கும். அதை எந்தக் கருவியால் பார்ப்பது? ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் சுரங்கத்தில் துகள்களை மோதவிட்டார்கள். 2012ல் ஹிக்ஸ் கிடைத்தது. இழைக்காரர்கள் ஆவலாக எதிர்பார்த்த புதுத் துகள்கள் இதுவரை தலைகாட்டவில்லை. கோட்பாடு ஓர் உலகத்தைச் சொல்லாமல், 1க்குப் பின்னால் 500 பூஜ்ஜியம் போடுகிற அளவுக்கு உலகங்களைச் சொல்கிறது. அதில் நம்முடையது எது என்று கேட்டால் பதில் இல்லை. சோதித்துப் பார்க்க முடியாதது அறிவியலா என்று சண்டையே நடக்கிறது. அபய் அஷ்டேகர் 1986ல் தொடங்கி வைத்த வேறொரு வழியில் இன்னொரு கூட்டம் தனியாகக் கிணறு வெட்டிக்கொண்டிருக்கிறது.

ஐம்பது வருடம். எத்தனையோ கெட்டிக்கார மூளைகள், எத்தனையோ பேரின் இளமை. வீணா?

என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். எங்கள் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள் தண்ணீர் வரும்வரை குருட்டு நம்பிக்கையில் வெட்டுவதில்லை. கூடையில் மேலே வரும் மண்ணைத் தினமும் கையில் எடுத்துப் பிசைந்து பார்ப்பார்கள். பொடிந்தால் முகம் வாடும். உருண்டை பிடிபட்டால், "ஈரம் தட்டுது" என்பார்கள். ஈரம் தண்ணீர் இல்லை. ஈரத்தை இறைக்க முடியாது, பயிருக்குப் பாய்ச்ச முடியாது. ஈரம் தட்டிய பிறகும் வற்றிப்போன கிணறுகள் உண்டு. ஆனால் மறுநாள் கடப்பாரையைத் தூக்க அது போதும். கால் பங்கு கால் பங்காகவே வந்தது, கும்பகோணத்துத் தாள்களும் கருந்துளையும் ஒரே முறத்தில் வந்து விழுந்தது எல்லாம் எனக்கு ஈரமாகத்தான் தெரிகிறது.

தாத்தா கிணற்றில் நாலாவது கோடையில் ஊற்று வந்தது. சின்ன ஊற்று. ஒரு போகம் மிளகாய் போடப் போதுமானது, அவ்வளவுதான். ஆழ்துளைக் கிணறுகள் வந்த பிறகு அதுவும் வறண்டது.

போன கோடையில் பேரனைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். மேட்டில் வேலிக்கருவை மண்டிவிட்டது. ஒதுக்கி வழி செய்து எட்டிப் பார்த்தோம். அடி தெரியவில்லை, ஒரே இருட்டு. பையன் கல்லை எடுத்துப் போட்டான். நான் கண்ணை மூடி எண்ணினேன்.

"கல்லு ஏன் தாத்தா கீழ போகுது?" என்றான்.

வாத்தியாரிடம் கேள் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"இன்னும் எண்ணிக்கிட்டிருக்காங்கய்யா" என்றேன்.